மஞ்சள் வைத்த சட்டை

— கரை செவப்பா பச்சையான்னு கேட்டா, இப்ப சரியா நெனப்பு இல்ல மாமி. மேரி செவப்புன்னு சாதிக்கிறா. மேரின்னா என் ஊட்டுக்காரி. எனக்கு பச்சைன்னுதான் கண்ணுல நிக்குது. ஒருவேளை நான் பாத்ததே தப்போ இன்னாவோ. அதான் தகராறே வாணாம்னு ரெண்டு கரையும் வெச்சித் தெச்சிட்டோம். பாருங்க, இந்தப் பக்கம் செவப்பு, அந்தப் பக்கம் பச்சை.

— நான் சிரிப்புக்குக் கேட்டேன், நாய்க்குக் கரை போட்ட சட்டையான்னு. நீங்க என்னடான்னா கோர்ட்டுல சாட்சி சொல்றாப்ல சொல்றேளே!

— சாட்சிதான் மாமி. இது எங்க இஷ்டத்துக்குத் தெச்சது கெடையாது. எங்களாண்ட வரும்போது இது இன்னா போட்டுக்கினு வந்துச்சோ, அதே மாரி இருக்கணும்ல?

— வரும்போதேவா? சட்டையோடயா?

— சட்டையோடதான். இருங்க, ரயிலு வருது. போவட்டும்.

— அது நிக்காது. செவ்வாப்பேட்டைன்னா அதுக்கு அலட்சியம். ஆச்சு, போயிடுத்து. இருங்கோ, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன். என் பொண்ணு அமிர்தா பெங்களூர்ல இருக்கா. நாய்ன்னா அவளுக்கு உசிரு. ஞாயித்துக்கிழமை ஆனா மூஞ்சியத் தூக்கி வெச்சுண்டு படுத்துண்டிருப்பா. இதப் பாத்தாவது சிரிக்கட்டும்.

— எடுங்க, எடுத்து எல்லாருக்கும் அனுப்புங்க. அதுக்குத்தானே இட்டுக்கினு வரேன். ஏய் சூப்பர்வைசர், மாமியப் பாரு.

— சூப்பர்வைசரா?

— மில்லுல வெச்ச பேரு. நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல, கம்பி உருட்டுற மில்லுல கிரேன் ஓட்டுறேன். பேரு தாவீது. ஊடு கவரைப்பேட்டை. இது ஒரு நாளு என் பின்னாலயே வந்து மில்லு கேட்டாண்ட குந்திக்கிச்சி. பசங்க பாத்துட்டு, சட்டையப் போட்டுக்கினு ஒரு வேலையும் செய்யாம எல்லாரையும் மொறைக்கிதே, இது நம்ம சூப்பர்வைசராச்சேன்னுட்டானுங்க. பொட்ட நாய்தான். ஆனா பேரு ஒட்டிக்கிச்சி.

— நன்னாருக்கே! நெஜ சூப்பர்வைசருக்குத் தெரியுமோ?

— தெரியாமயா? அவுருதான் டெய்லி பிஸ்கட் வாங்கிப் போடுறாரு.

— அனுப்பிட்டேன். அவ எழுந்துண்டு பாத்தா கூப்பிடுவா. நான் அம்புஜவல்லி. எதிர்த்தாப்ல தெரியறதே, அந்த ஃப்ளாட்டுல மூணாவது மாடி. சாயந்தரமானா இந்த பெஞ்சுதான் நேக்கு. ஆமா, உங்களுக்குக் கவரைப்பேட்டைன்னா இந்த ஸ்டேஷன்ல என்ன ஜோலி? நாயோட, அதுவும் சட்டை போட்ட நாயோட?

— இதோட ஓனரத் தேடிக்கினு வந்திருக்கேன்.

— ஓனரா?

— ஆங். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சர்ச்சு முடிஞ்சதும் கெளம்பிடுவோம். எக்ஸெல் வண்டியில நான் ஓட்டுவேன், இது முன்னால நிக்கும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர்னு அந்த லைன் பூரா ஆயிடுச்சி. சந்தை, பஸ் ஸ்டாண்டு, திருவிழா, எங்க ஜனம் கூடுதோ அங்க இட்டுக்கினு போய் நிப்பேன். யாராவது பாத்து, ஐயோ நம்ம நாயாச்சேன்னு ஓடியாருவாங்கன்னு. பெரியபாளையத்துல ஒரு அம்மா சாமி நாயின்னு குங்குமமே வெச்சிட்டாங்க. பொன்னேரியில ஒரு மண்டபத்து வாசல்ல நின்னுக்கினு இருந்தேன். பொண்ணு ஊட்டுக்காரங்க இத மாப்ள ஊட்டு நாயின்னு நெனச்சி, பந்தியில எலை போட்டு ஒக்கார வெச்சிட்டாங்க.

— பெருமாளே! சாப்ட்டுதா?

— இன்னா மாமி இப்டி கேட்டுட்டீங்க? ரசம் வரிக்கும் சாப்ட்டுட்டுதான் எழுந்துச்சி.

— போறும், சிரிச்சு சிரிச்சு மூச்சு முட்டறது. உங்காத்துக்காரி ஒண்ணும் சொல்ல மாட்டாளா?

— அவ ஒரு தினுசு. காலையில நாஷ்டா குடுத்து, இதுக்கு சட்டைய மாட்டி, எண்ணெய் தடவி சீவி அனுப்புவா. அனுப்பிட்டு, ஓனர் கெடைக்கக் கூடாதுன்னு முட்டி போட்டு ஜெபம் பண்ணுவா.

— நீங்க?

— நான் தேடுறேன்.

— அதில்லை. நீங்க என்னன்னு வேண்டிப்பேள்?

— ரயிலு வருது மாமி.

— இது நிக்கற ரயில். ஏறறவா எறங்கறவா எல்லாம் இதத்தான் பாக்கறா. அந்தக் கொழந்தை கை காட்டறது பாருங்கோ. சரி, போயிடுத்து. அத விட்டுடறேன். எப்படிக் கெடச்சுது, அதச் சொல்லுங்கோ.

— தீபாவளிக்கு மறுநாளு. நாலு தீபாவளிக்கு முன்ன. ஷிப்டு முடிச்சிட்டு புதுவாயல் கூட்ரோட்டுல டீ குடிச்சிக்கினு இருந்தேன். வாழை எலை ஏத்தின குட்டியானை வண்டி ஒண்ணு வந்து நின்னுச்சி. டிரைவரு தார்ப்பாய அவுத்தான். உள்ளாற, எலைக்கு நடுவுல, இது. நடுங்கிக்கினு இருந்துச்சி. வேட்டு சத்தத்துக்கு ஏறி ஒளிஞ்சிருக்கும் போல. டிரைவரக் கேட்டா, எங்க ஏறுச்சின்னே தெரியாது, வழியில நாலு எடத்துல நிறுத்தினேன்னுட்டு, கீழ எறக்கிவுட்டுட்டுப் போயிட்டான். வண்டி அரக்கோணம் பக்கத்துலேர்ந்து வரும்னு டீக்கடைக்காரரு இந்த வருசம்தான் சொன்னாரு. அதான் இப்ப இந்த லைனு.

— வாழை எலை வண்டியா.

— ஆங். மொதல்ல எனக்கு நாயி கண்ணுல படல மாமி. சட்டைதான் பட்டுச்சி. கையால தெச்ச சட்டை. மிஷின் தையல் இல்ல. முதுகுல நாலு முடிச்சு. வெள்ளைத் துணி, கரை வெச்சது. ஓரத்துல பாத்தா மஞ்ச. அப்பத்தான் வெளங்கிச்சி எனக்கு.

— என்ன வெளங்கித்து?

— தீபாவளிக்குப் புதுத்துணி! நாங்க கிறிஸ்டினுதான், ஆனா பக்கத்து ஊட்டு காயத்ரி ஊட்ல பாத்திருக்கேனே. ஓரத்துல மஞ்ச வெச்சித்தானே புதுத்துணி கட்டுவீங்க? ஊட்ல எல்லாருக்கும் எடுத்துட்டு, வாயில்லாத ஜீவனுக்கும் ஒண்ணு தன் கையாலயே தெச்சி, அதுக்கும் மஞ்ச வெச்சிப் போட்டிருக்காங்க. எவ்ளோ பாசம் இருக்கணும். அப்டியாப்பட்டவங்க தேடாம இருப்பாங்களா? எங்கியோ குந்திக்கினு அழுதுக்கினு இருப்பாங்க. மேரிகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன், இது நம்ம நாயி இல்ல, வெச்சிக்கினு இருக்கோம், அவ்ளோதான். கேக்குறீங்களா மாமி?

— கேட்டுண்டுதான் இருக்கேன்.

— இதுக்கும் அந்த சட்டைன்னா உசிரு. கையால தொட வுடாது. கிட்ட போனாலே உறுமும். சட்டைய எங்க புடுங்கிக்குவாங்களோன்னு பயம், பாவம். ஒரு மாசம் ஆச்சி, அவுக்க வுடுறதுக்கு. அதுக்குள்ள அழுக்கேறி நைஞ்சி போச்சி. தொவைச்சா கையோட வருது. அதே மாரி புதுசா ஒண்ணு மேரி தெச்சா. அது கிழிஞ்சா இன்னொண்ணு. சட்டைதான் மாமி இதுக்கு விலாசம். சட்டை இல்லாங்காட்டி தெருநாயோட தெருநாயி, யாரு அடையாளம் கண்டுப்பாங்க? முடிச்சுகூட நாலுதான் போடுவா. மஞ்சளும் வெப்பா.

— மஞ்சளுமா? உங்காத்துலயா?

— அது ஒரே பேஜாராப் போச்சி. சர்ச்சுல யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. பாஸ்டர் கூப்ட்டு, இன்னாம்மா மேரி, ஊட்ல மஞ்சளெல்லாம் வெக்கிறீங்களாமேன்னாரு. மேரி சொல்லிட்டா, ஐயா, இது என் துணி இல்ல, வேற ஒருத்தவங்க ஊட்டுத் துணி. அவங்க எப்டி வெச்சாங்களோ அப்டித்தான் நான் வெக்க முடியும்னு. அடுத்த வாரம் அவரே இதுக்கும் சேத்து ஜெபம் பண்ணாரு.

— மொதல்ல வந்தப்போ என்ன சாப்ட்டுது?

— அத ஏன் கேக்குறீங்க? கறி போட்டேன். மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சி. மீனு போட்டேன், எழுந்து போயிடுச்சி. ரெண்டு நாளு பட்டினி. அப்பறம் மேரி தயிர் சோறு தின்னுக்கினு இருந்தா, அது தட்டுல வாய வெச்சிடுச்சி.

— இப்போ?

— இப்ப வாணாம் மாமி. உங்களாண்ட அத சொல்லக் கூடாது.

— சொல்லுங்கோ, பரவால்லை.

— பிரியாணின்னா பக்கத்து தெருவுலேர்ந்து ஓடியாரும்.

— ராமா ராமா!

— இன்னா இது? ஏய், இங்க வா. அவங்க கால் மேல தலைய வெக்காத. மன்னிச்சிக்கோங்க மாமி, யாராண்டயும் இப்டி போவாது. மடி ஆச்சாரம் பாக்குறவங்களா இருப்பீங்க.

— இருக்கட்டும். தொந்தரவு பண்ணாதீங்கோ. படுத்துக்கட்டும்.

— மூஞ்சி ஒரு மாரி ஆயிடுச்சே உங்களுக்கு. தண்ணி இருக்கு, குடிக்கிறீங்களா?

— வேண்டாம். அந்த முன்னங்காலக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கோ.

— இதா? ஒரு வெரலு மட்டும் வெள்ளை. சுண்ணாம்புல தொட்டு எடுத்தா மாரி. எல்லாரும் கேப்பாங்க.

— கரை ரெண்டும் ஒரே பக்கத்துல வரணும், தாவீது. செவப்பும் பச்சையும் சேந்தாப்ல நெய்வா. நடுவுல சின்னச் சின்னதா கண்ணு இருக்கும். மயில்கண் கரைன்னு பேரு. உங்காத்துக்காரி சொன்னதும் சரி. நீங்க பாத்ததும் தப்பில்லை.

— ரயிலு வர மாரி இருக்கு மாமி.

— ரயில் ஒண்ணும் வரலை.

— ஆமா. வரல. இதுக்கு இன்னா பேரு மாமி?

— வெல்லம்.

— பாருங்க. காது நிக்குது.

— ஆமா.

— இத்தினி நாளு எத்தினி பேரு எப்டி எப்டியோ கூப்ட்டாங்க. இந்தக் காது நின்னு நான் பாத்ததில்ல.

— திருவள்ளூர்ல எங்களுக்குச் சொந்த வீடு இருந்தது. எங்காத்துக்காரர் வெங்கட்ரமணன், கோயில் மடப்பள்ளியில கைங்கர்யம். வேண்டுதலுக்குக் கோயில் குளத்துல கரைக்க வெல்லம் விப்பா இல்லையா, அந்தக் கடை வாசல்ல கெடந்ததுன்னு அமிர்தா பாவாடையில போட்டுத் தூக்கிண்டு வந்தா. ஆத்துக்குள்ள நாயான்னு அவர் ருத்ர தாண்டவம் ஆடினார். பத்து நாள்தான். அப்பறம் தயிர் சாதத்தக் கையால பெசஞ்சு, கொல்லையில உக்காந்துண்டு ஊட்டி விட்டவரும் அவர்தான். காணாமப் போனப்போ அந்த வயசுல தெருத்தெருவா அலஞ்சார். திருவள்ளூரத் தாண்டிப் போயிருக்கும்னு எங்களுக்குத் தோணவே இல்லை.

— தோ பாருங்க மாமி, வண்டிப் பொட்டியில இதோட தட்டு இருக்கு, போர்வை இருக்கு. ஒவ்வொரு வாரமும் எடுத்துக்கினுதான் வருவேன். ஓனர் கெடச்சா அன்னிக்கே குடுத்துடணும்ல? ஒரு நாளு தள்ளினா மனசு மாறிடும். இருங்க, எடுத்தாந்துடுறேன்.

— உக்காருங்கோ.

— இல்ல மாமி, போயி...

— உக்காருங்கோன்னேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அது தீபாவளித் துணி இல்லை.

— பின்ன?

— கட்டு.

— கட்டுன்னா?

— புண்ணுக்குக் கட்டற கட்டு. குட்டி போடாம இருக்க ஆபரேஷன் பண்ணிண்டு வந்திருந்தோம். தையல நக்கிடப்படாதுன்னு டாக்டர் சொன்னார். அவரோட பழைய வேஷ்டியக் கிழிச்சு, நாந்தான் அவசரத்துக்குக் கையால தெச்சேன். நழுவாம இருக்க நாலு முடிச்சு. மஞ்சள் புண்ணு மேல போட்டது. அது ஊறி வெளில தெரிஞ்சிருக்கு.

— அப்ப, தொட்டா உறுமினது?

— வலி.

— வயித்துல ஒரு கோடு இருந்துச்சி. பழைய காயம்னு வுட்டுட்டோம். அப்ப, நாலு வருசமா... மஞ்ச வெச்சி, பாஸ்டராண்ட பதில் சொல்லி... ஊரு பூரா கட்டு போட்ட நாயவா இட்டுக்கினு சுத்தினேன்?

— சிரிக்காதீங்கோ. நேக்கும் சிரிப்பு வரது.

— நான் சிரிக்கல மாமி.

— தெரியறது. கண்ணத் தொடச்சுக்கோங்கோ. நானும் தொடச்சுக்கறேன்.

— அப்ப சட்டையே புடிக்காதா இதுக்கு?

— சட்டைன்னாலே ஆகாது. இது குட்டியா இருக்கச்சே அமிர்தா ஒரு கவுன் மாட்டிப் பாத்தா. பல்லால நார் நாராக் கிழிச்சுடுத்து. அந்தக் கட்டப் போடறதுக்கே அவர் தலையப் பிடிச்சுண்டார், அமிர்தா காலப் பிடிச்சுண்டா.

— அவுத்துடுறேன். பாவம். இதோ, முடிச்சு. வா சூப்பர்... வா, வெல்லம். ஆங். அவ்ளோதான். போ. மாமியாண்ட போ.

— எப்படி ஒதறிக்கறது பாருங்கோ! வா வெல்லம். வாடி. வந்துடுத்து. மறக்கலையே நீ? தாத்தா எங்கேன்னு பாக்கறயா? இல்லடி. தாத்தா இல்ல. வா, மடியில தலைய வெச்சுக்கோ.

— நான் கெளம்புறேன் மாமி. பாத்துக்கினு இருந்தா...

— ஏய், எங்க எழுந்துண்டு போற? எதுக்கு அந்த சட்டையக் கவ்விண்டு...

— ஏய், போடு. கீழ போடு அத. அங்க போன்னா இங்க இன்னா?

— உங்க மடியிலன்னா கொண்டு வந்து போடறது.

— மாட்டிவுட சொல்லுது மாமி. சட்டை போட்டா வெளிய போறோம்னு அதுக்குத் தெரியும். காலையில மேரியாண்ட இப்டித்தான் தூக்கிக்கினு வந்து நிக்கும். ஏய், வாணாம்டி. இன்னிக்கி வாணாம். சொன்னா கேளு.

— தானாவே தலைய உள்ள விட்டுக்கறதே.

— ஆங்.

— வாலு வேற ஆடறது.

— பழகிடுச்சி மாமி. ரெண்டு நாளு போடாம வுட்டா மறந்துடும். உங்களாண்டயே இருந்தா எல்லாம் மறந்துடும்.

— அந்த முடிச்சப் போட்டு விடுங்கோ, தொங்கறது.

— மாமி, உங்க ஃபோனு அடிக்குது.

— அமிர்தா. ஃபோட்டோவப் பாத்துட்டா.

— எடுங்க மாமி. சொல்லிடுங்க. சந்தோசப்படுவாங்க.

— சொல்லுடி கொழந்தே... ஆமா, ஸ்டேஷன்லதான்... கத்தாதே, கேக்கறது... வெள்ளை வெரல்தான், யாரு இல்லைன்னா? ஊர்ல எத்தனை நாய்க்கு இருக்கு... அழாதே. அழாதேடி, நான் பக்கத்துல வெச்சுப் பாத்துண்டுதானே இருக்கேன். நம்ம வெல்லம் இல்லை. நம்ம வெல்லத்துக்கு சட்டைன்னாலே ஆகாதே, நோக்குத் தெரியாதா? இது தானாத் தலைய விட்டுண்டு சட்டை போட்டுக்கற நாய்... ஆமா, வேற. ராத்திரி பேசறேன். வெச்சுடறேன்.

— இன்னா மாமி இப்டி சொல்லிட்டீங்க!

— உண்மையச் சொன்னா இன்னிக்கே பஸ் ஏறி வந்து அழைச்சுண்டு போயிடுவா. அங்க பகல் பூரா பூட்டின ஃப்ளாட்டு. அவகிட்ட மெதுவா நானே சொல்லிப்பேன். ஒரு நாள் இங்கயே அழைச்சுண்டு வந்து காட்டறேன்.

— ஆனா நாயி உங்களுது.

— கேளுங்கோ, தாவீது. அவர் போன ஆவணியில ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டார். திருவள்ளூர் ஆத்த வித்தாச்சு. அமிர்தா பெங்களூர்ல வேலைக்குப் போறா. நான் மூணாவது மாடியில இருக்கேன், லிஃப்ட் கெடையாது. வெல்லம் கவரைப்பேட்டையில சூப்பர்வைசரா இருக்கு. அவ்வளவுதான். வண்டியில ஏத்திண்டு கெளம்புங்கோ. இருட்டறதுக்குள்ள போங்கோ.

— மேரிக்கு நான் இன்னா சொல்லட்டும்?

— அவ ஜெபம் பலிச்சுதுன்னு சொல்லுங்கோ.

— அப்ப தேடுறத நிறுத்திடட்டுமா மாமி?

— நிறுத்தறதாவது! ஓனர் இன்னும் கெடைக்கலையே. வர ஞாயித்துக்கிழமை இதே பெஞ்சுல வந்து தேடுங்கோ. அவரோட மயில்கண் வேஷ்டி ஒண்ணு பெட்டியில இருக்கு, கொண்டு வரேன். அடுத்த சட்டைக்காவது கரை சரியா இருக்கட்டும்.